மண்டலம் 48 நாள், மாத்திரை 30 நாள்: ஆறு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: திருமுக்கூடல்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பழையசீவரத்தில் இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் கூட்டம் இருக்காது. நிதானமாகச் சுவரைப் படிக்கலாம்.

நோய் தீர்க்கும் தலங்களைத் தேடிப் போகும் பயணத்தை இங்கே தொடங்கக் காரணம் அந்தச் சுவர்தான். 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த பள்ளியையும் மாணவர் விடுதியையும் சொல்லிவிட்டு, 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலையின், அதாவது மருத்துவமனையின், கணக்கையும் அது சொல்கிறது. 15 படுக்கை. ஒரு வைத்தியர். அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர். மூலிகை கொண்டுவர இரண்டு ஆள். நோயாளிக்குப் பக்கத்திலிருந்து மருந்து கொடுக்க இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். இரவெல்லாம் விளக்கெரிய எண்ணெய்க்கு ஒதுக்கீடு. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று நீள்கிறது.

சாமிக்கு நைவேத்தியக் கணக்கும் நோயாளிக்கு மருந்துக் கணக்கும் ஒரே சுவரில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. கோயிலா ஆஸ்பத்திரியா என்று இன்று ஒரு குடும்பத்தை நிற்கவைத்துக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியை இந்தச் சுவர் கேட்கவே இல்லை.

இன்றைய நிலைமை வேறு. கையில் கயிறு கட்டி வந்தவரைப் பார்த்து மருத்துவமனையில் யாராவது "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் அதற்கப்புறம் எதையும் வாய்திறந்து சொல்லாது. என்ன விரதம், என்ன பஸ்பம், எத்தனை நாள் மாத்திரையை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் மறைந்துபோகும். விரதத்தால் வரும் கேடு கொஞ்சம்தான். விரதத்தை மறைப்பதால் வரும் கேடுதான் பெரிது. ஆகவே நோயாளியைப் பார்க்கிற எவரும் முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். "இது எதனால வந்திருக்கும்னு வீட்டுல பேசிக்கிறீங்க? இதுவரைக்கும் எங்கெங்க போயிட்டு வந்தீங்க? அங்க என்ன சாப்பிடச் சொன்னாங்க, எதை நிறுத்தச் சொன்னாங்க?" அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட பகுதி ஒன்று உண்டு. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் 16-க்கு நேரம் கிடைக்காது. இந்த மூன்றுக்குக் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: வைத்தீஸ்வரன்கோயில்

மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் நடுவே. பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். புள்ளாகிய சடாயு, இருக்கு வேதம், வேளாகிய முருகன், ஊராகிய சூரியன் நால்வரும் வழிபட்ட தலம். வைத்தியநாதருக்குத் துணையாகத் தையல்நாயகி தைலப் பாத்திரத்தோடு நிற்பதாக ஐதீகம். தன்வந்திரிக்கும் சன்னிதி உண்டு. தலமரம் வேம்பு.

செய்முறை பலருக்குத் தெரிந்ததுதான். சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். உப்பும் மிளகும் வாங்கி வைப்பார்கள். கண், கை, கால் பதித்த வெள்ளித் தகட்டை நோயுற்ற உறுப்பின் மேல் ஒற்றி எடுத்து உண்டியலில் போடுவார்கள். இவற்றால் உடம்புக்கு ஒரு கெடுதலும் கிடையாது. திருச்சாந்துருண்டை மட்டும் வயிற்றுக்குள் போவது. ஓமகுண்டத்துச் சாம்பல், மண், சித்தாமிர்தத் தீர்த்தம் சேர்த்து அரைத்துச் சிறு உருண்டையாக்கி அம்பாள் பாதத்தில் வைத்துத் தருவது. சிறுநீரகம் மாற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதை நெற்றியில் இட்டுக்கொண்டால் போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்குக் குளத்து நீரும் மண்ணும் ஆகாது. தொப்புள்கொடி அறுத்த இடத்தில் எந்தச் சாம்பலும் படக்கூடாது. பிறந்த குழந்தைக்கு வில்வாத ஜன்னி (டெட்டனஸ்) வருகிற வழிகளில் அது ஒன்று.

செவ்வாய்க்கிழமை அங்காரகனுக்குக் கூட்டம் அதிகம். அவருடைய சரும நோய் இங்கே தீர்ந்தது என்பது தலபுராணம். இங்கே வருகிறவர்களிடம் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழுநோயை 'கர்ம வியாதி' என்று நம்பி மறைக்கிற வீடுகள் இன்றும் உண்டு. கர்மம் என்று நினைத்து மறைக்கிற அந்த இரண்டு வருடத்தில்தான் நரம்பு போய் விரல் மடங்குகிறது. தோலில் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல், அதில் அரிப்பில்லை, பஞ்சால் தொட்டால் உணர்வில்லை என்றால் அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையம். மருந்து இலவசம், நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ. மருந்து தொடங்கிய சில நாளிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. செவ்வாய்க்கு அர்ச்சனையும் செய்யலாம், மாத மருந்து அட்டையும் வாங்கலாம். இரண்டுக்கும் ஒரே பயணம் போதும்.

தெருவெங்கும் நாடி சோதிடப் பலகைகள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்க்கிற வழக்கத்தை மருத்துவமனைகள் எதிர்த்துப் பயனில்லை. கண்புரை, குடலிறக்கம் போல அவசரமில்லாத அறுவைக்கு இரண்டு மூன்று தேதி கொடுத்து, அஷ்டமி நவமி தவிர்த்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பிரசவத்துக்கு நாள் குறிப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத எல்லை ஒன்று உண்டு. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் குழந்தையை எடுத்தால் நுரையீரல் முழுதாகத் தயாராகாமல் மூச்சுத் திணறல் வரலாம். 39 முடிந்த பிறகு வரும் நல்ல நாள்தான் நல்ல நாள். அவசரம் என்று மருத்துவர் சொன்னபின் ராகுகாலம் பார்க்கக்கூடாது.

மூன்றாம் நாள்: நாகூர்

நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீதைப் பற்றி இங்கே சொல்லப்படும் வரலாறு ஒன்று நோயைப் பற்றியது. தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கர் தீராத நோயில் கிடந்தார். ஊசி குத்திய புறா ஒன்று அரண்மனையில் மறைந்திருப்பதைச் ஷாகுல் ஹமீது கண்டுபிடித்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க மன்னருக்குக் குணமானது. தர்காவில் இன்றும் புறா விடுகிறார்கள். உயர்ந்த மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வருகிறவர்களில் இந்துக்கள் பெருந்திரள். இதைச் சொல்வது, மந்திரித்துக்கொள்வதற்கு மதம் பார்க்காத ஊர் நம்முடையது என்பதற்காக.

அந்திநேரத் தொழுகை முடிந்ததும் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளிவாசல் வாசலிலும் இதைப் பார்க்கலாம். இடுப்பில் குழந்தையோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். சிலர் சொம்புத் தண்ணீரில் ஓதி வாங்கிப் போவார்கள். பயந்த குழந்தை, இரவில் வீறிடும் குழந்தை, பால் குடிக்காத குழந்தை எல்லாம் அந்த வரிசையில் இருக்கும். தாய்க்கு இது பெரிய ஆறுதல். தடுக்க ஒன்றுமில்லை.

வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தையை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும். 'தோஷம் தட்டிருச்சு' என்று பாட்டிகள் கண்டுபிடிக்கும் அடையாளங்கள் என்னென்ன? உச்சிக்குழி உள்வாங்கியிருக்கும், கண் குழிவிழுந்திருக்கும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் அமுங்கும், குழந்தை துவண்டிருக்கும். உடம்பில் நீர் வற்றியதற்கு மருத்துவப் புத்தகம் சொல்லும் அடையாளங்களும் இவையேதான். பாட்டியின் கண் தப்பவில்லை. எதிலிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு. மந்திரித்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதல்லவா? காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாகக் கரைத்து, அதைச் சொம்பில் எடுத்துப் போய் ஓதி வாங்குங்கள். பொட்டலம் கிடைக்காத ஊரில் 1 லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவில். உப்பு கூடினால் ஆபத்து. 2 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை வெளிக்குப் போனபின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி. துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குள் தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

'தொக்கம் எடுக்கிறேன்' என்று குழாய் வைத்து உறிஞ்சுவதும் வயிற்றை அழுத்துவதும் கூடாது. நீர் வற்றித் துவண்ட குழந்தைக்கு அது உயிராபத்து. குழந்தை குடிக்கவே முடியாத நிலை, மலத்தில் இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் வரிசையில் நிற்காதீர்கள். 108.

மாலையில் நாகப்பட்டினத்தைத் தாண்டி வேளாங்கண்ணி. அங்கும் மெழுகிலும் தகட்டிலும் அதே கண், கை, கால். வைத்தீஸ்வரன்கோயிலில் வாங்கியதை இங்கே கொடுத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நான்காம் நாள்: சமயபுரம்

திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டி. மாரியம்மன் மூலவர் திருமேனி மூலிகைகளால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகம் இல்லை, உற்சவருக்குத்தான். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி. பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் மட்டும். மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறும்போது அம்மை வரும் பருவம் இது. அம்மை கண்ட வீட்டில் நோயாளிக்கு என்ன கொடுப்போமோ அதுதான் அம்மனுக்கும்.

அம்மை வீட்டு முறைமையை ஒரு முறை வரிசையாக எண்ணிப் பாருங்கள். நிலையில் வேப்பிலை செருகுவது, வெளியாருக்கு 'உள்ளே வராதே' என்று சொல்வது. நோயாளி வெளியே போகக்கூடாது, வீட்டார் பிற வீட்டு விசேஷத்துக்குப் போகக்கூடாது. தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. தனிப் பாய், வெள்ளைத் துணி. முத்து உலர்ந்தபின் ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படை நாளில், வெயிலில் காய வைத்த நீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊற்றுவது. சின்னம்மையில் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்று உண்டு என்கிறது மருத்துவம். பொருக்குத் தட்டுமுன் தண்ணீர் ஊற்றமாட்டோம் என்கிறது வழக்கம். கிருமி என்ற சொல் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே வீட்டை அடைத்துத் தனிமைப்படுத்தும் முறை இங்கே வேப்பிலையாகத் தொங்கியிருக்கிறது. 1980-இல் உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தபின்னும் அந்த வேப்பிலை சின்னம்மைக்கும் மணல்வாரி என்னும் தட்டம்மைக்கும் பயன்படுகிறது.

வழக்கம் காலை வாருகிற இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்கக்கூடாது.

முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுகிறது. ஆக, வேப்பிலை செருகும்போது வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். 10 முதல் 21 நாள் கழித்து அவர்களுக்குப் போடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவருக்கு முன்பு அம்மை போட்டதில்லை என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரசவத்தை ஒட்டித் தாய்க்குப் போட்டால் சிசுவுக்கு மிகக் கடுமையாக வரும்.

'அம்மா வந்திருக்கும்போது மாத்திரை கொடுத்தால் கோபித்துக்கொள்வாள்' என்பது அடுத்தது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். பெரியவர்களுக்கு அப்படியல்ல. நிமோனியா வரும். அசைக்ளோவிர் மாத்திரை முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்றாம் தண்ணீர் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றால் அதன் காலம் கடந்துவிட்டிருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், குழந்தைக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும். இபுபுரோஃபெனையும் தவிர்த்துவிடுங்கள்.

அரிப்புக்கு வேப்பிலைக் கொத்தால் வருடுவது சரி, சொறிவதைவிட நல்லது. இலையை நன்றாகக் கழுவி, கொப்புளம் உடையாமல் வருட வேண்டும். வேப்பெண்ணெயைக் குழந்தையின் வாயில் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. சிறு அளவிலேயே வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு வந்த குழந்தைகள் உண்டு.

மணல்வாரிக்குச் சின்னம்மைப் பத்தியத்தைக் கொடுப்பது இன்னொரு தவறு. மணல்வாரியில் குழந்தையின் உடம்பு உருகிவிடும். பத்தியம் என்று வெறும் மோரும் கஞ்சியுமாக வைத்தால் எழுந்திருக்கப் பல வாரம் ஆகும். தாளிக்காமல் பருப்பும் வாழைப்பழமும் பாலும் கொடுக்கலாம், அம்மனுக்குக் குற்றமில்லை. ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ, இரண்டு நாள் தொடர்ந்து, சுகாதார நிலையத்தில் தருவார்கள். கண்ணையும் உயிரையும் காப்பது அது. தட்டம்மைத் தடுப்பூசி 9-ஆம் மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் அரசில் இலவசம். சின்னம்மை ஊசி அந்தப் பட்டியலில் இல்லை, தனியாகப் போட வேண்டும், இரண்டு தவணை.

கோயில் வீதியில் தீச்சட்டி ஏந்தி வருகிறார்கள். சர்க்கரை நோயால் பாத உணர்வு மங்கியவர்கள் பூமிதியிலோ கொதிக்கும் தார்ச்சாலையிலோ இறங்கினால் சுட்டது தெரியாது. வீட்டுக்குப் போனபின் கொப்புளம் தெரியும், ஒரு வாரத்தில் விரல் கருக்கும். நேர்த்திக்கடனை மாற்றிக்கொள்ள அம்மனிடம் பூப்போட்டுக் கேட்கும் வழி கோயிலிலேயே இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். 'போகாதே' என்று சொல்வதைவிட அது எடுபடும்.

ஐந்தாம் நாள்: குணசீலம்

திருச்சியிலிருந்து முசிறி போகும் சாலையில், காவிரியின் வடகரை. பிரசன்ன வேங்கடாசலபதி கையில் செங்கோல். மனம் பேதலித்தவர்களை இங்கே கொண்டுவந்து 48 நாள், ஒரு மண்டலம் தங்கவைப்பது பழைய வழக்கம். காலையில் காவிரி நீராட்டு. உச்சிக்காலத்திலும் இரவிலும் பூசை முடிந்ததும் தீர்த்தத்தை முகத்தில் பலமாகத் தெளிப்பார்கள். உடன் வந்த உறவினர் கூடவே தங்குவார். அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் கோயிலை ஒட்டி இயங்குகிறது. மருத்துவர் வந்து பார்க்கிறார், மாத்திரையும் தீர்த்தமும் ஒரே வளாகத்தில்.

கோயிலில் தங்குவதால் ஏதாவது நடக்கிறதா? 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை வந்த நாளிலும் கிளம்பும் நாளிலும் அளந்தார்கள். மருந்தில்லாமலேயே நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்பது அந்த ஆய்வின் குறை. ஆனாலும் காரணத்தை ஊகிக்க முடியும். நேரத்துக்குச் சோறு, கோலம் போடுவது செடிக்கு ஊற்றுவது போன்ற சிறு வேலைகள், அதட்டாத ஆட்கள், கூடவே ஒரு சொந்தம். மருத்துவமனை வார்டில் எளிதில் கிடைக்காத நான்கும் இங்கே கிடைக்கின்றன. இதை மருத்துவம் கற்றுக்கொள்ள வேண்டும்.

குடும்பங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மாத்திரைக் கணக்கு. மண்டலம் 48 நாள். மருத்துவமனை மருந்தகம் பொதுவாகக் கொடுப்பது ஒரு மாதத்துக்கு. 31-ஆம் நாள் டப்பா காலி. "இன்னும் பதினெட்டு நாள்தானே, பகவான் பார்த்துப்பார்" என்று விட்டுவிடுவார்கள். அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். நிறுத்திய முதல் வாரத்தில் நோயாளி முன்பைவிடத் தெளிவாகத் தெரிவார். மாத்திரையால் வந்த தூக்கச் சடைவும் கை கால் விறைப்பும் குறைவதால் வரும் தெளிவு அது. "மாத்திரைதான் கெடுத்தது, சாமி தெளிய வச்சுட்டார்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். நோய் திரும்புவது வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து, பெரும்பாலும் ஊருக்குப் போனபின். அப்போது அது மாத்திரையை நிறுத்தியதால் என்று யாருக்கும் தோன்றாது. புதிதாக யாரோ ஏவிவிட்டார்கள் என்று தோன்றும்.

ஆகவே கிளம்புமுன் மருத்துவரிடம் "48 நாள் தங்கப் போகிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்குங்கள். காலை ஒன்று இரவு ஒன்று என்றால் 96, ஒரு வாரக் கூடுதலுக்கு 14, ஆக 110 மாத்திரை. மூன்று வேளை மருந்தை இரவு ஒரே வேளையாக்க முடியுமா என்று கேளுங்கள், பல மருந்துகளில் முடியும். முடிந்தால் இரவுப் பூசைத் தீர்த்தத்துக்குப் பிறகு என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. மாதம் ஒருமுறை ஊசி போடுபவர் என்றால் ஊசித் தேதி மண்டலத்துக்குள் எங்கே விழுகிறது என்று பார்த்து, திருச்சியில் எங்கே போடுவது என்பதை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்று மருந்துகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர் உப்பில்லா விரதம் இருக்கக்கூடாது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியம் இரத்தத்தில் தங்கி ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கக்கூடாது. மயங்கி விழவும் வலிப்பு வரவும் இடமுண்டு. மருத்துவர் 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். 5 நிமிடம் தாண்டினால் அது அவசரம். கையில் இரும்பைக் கொடுப்பதில் நேரம் போக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

விரதத்தில் வேறு எதைத் தவறவிட்டாலும் தூக்கத்தைத் தவறவிடாதீர்கள். இருதுருவ மனநோய் உள்ளவரை வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க வைத்தால் அந்த ஓர் இரவே அளவுமீறிய உற்சாகமும் படபடப்புமான கிளர்ச்சி நிலையைத் தொடங்கிவிடப் போதும். இரண்டு இரவு தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினாலே மருத்துவருக்குச் சொல்லுங்கள். வேறெந்தக் குறிக்கும் முன்னால் வருவது தூக்கம் கெடுவது.

ஆறாம் நாள்: ஏர்வாடி

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வழியாகப் பேருந்து. இருபக்கமும் பனையும் உப்பு வெயிலும். சையது இப்ராகிம் ஷஹீது பாதுஷாவின் தர்கா. இங்கேயும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். அடக்கத்தலத்து விளக்கெண்ணெய், சந்தனம், தண்ணீர், அவற்றோடு காத்திருப்பு. 'உத்தரவு' வர வேண்டும். நோயாளிக்கோ உடனிருப்பவருக்கோ கனவில் "ஊருக்குப் போ" என்று உத்தரவு கிடைக்கும்வரை தங்குவார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு வருடம்.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலை இந்த ஊரில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாமல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. அந்தக் காப்பகங்கள் ஏன் முளைத்தன என்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. தர்கா சங்கிலி கேட்கவில்லை. உடன் தங்க ஆளில்லாத குடும்பங்கள் நோயாளியைப் பணம் கட்டி விட்டுப் போனதும், இரவில் ஓடிப்போகாமல் இருக்கச் சங்கிலி வந்தது. குணசீலத்தில் பார்த்த நான்கில் ஒன்று, கூடவே இருக்கும் சொந்தம், இங்கே இல்லாமல் போனபோது அந்த இடத்துக்கு இரும்பு வந்தது.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95, எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய அவசரத்திலும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவேட்டில் எழுதி, மிகக் குறைந்த நேரம் மட்டும் என்கிறது பிரிவு 97. வீட்டிலோ காப்பகத்திலோ யாரையாவது கட்டிவைத்திருப்பதைப் பார்த்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். நடவடிக்கை எடுப்பது அவர்களுடைய சட்டக் கடமை. வழி தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்கு 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

தீ விபத்துக்குப் பின் வந்த மாற்றங்களில் மனதுக்கு நிறைவானது 'தவா-துவா' திட்டம். மருந்தும் பிரார்த்தனையும். குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் முன்பே நடந்த முறை. தர்காவை ஒட்டி மருத்துவர், மருந்து. ஓதுகிறவரே "துவா ஆச்சு, அங்கே போய் டாக்டரையும் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்புகிறார். அந்த ஒரு வாக்கியம் வெள்ளைக் கோட்டுக்காரர் நூறு முறை சொல்வதைவிட வலுவானது, ஏனென்றால் மாத்திரை சாப்பிட்டால் துவா பலிக்காதோ என்ற பயத்தைத் தீர்க்க வேண்டியவர் அவர்தான். இப்படியொரு மையத்தை வேறெங்காவது தொடங்க நினைப்பவர்கள், ஓதுகிறவர்களுக்கு முதலில் வலிப்பையும், உடல்நோயால் வரும் பிதற்றலாகிய சன்னியையும் அடையாளம் காணச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கையில் வருகிற நோயாளி மருத்துவமனைக்கு வர இன்னும் மாதங்கள் ஆகலாம்.

எது நோய், எது அருள்? உடுக்கைச் சத்தத்தில் சாமி வந்து ஆடி, பூசை முடிந்ததும் மலையேறி, மறுநாள் வயலுக்குப் போகிறவருக்கு நோய் இல்லை. உலக நோய் வகைப்பாட்டிலும் வழிபாட்டு வழக்கத்துக்கு உட்பட்ட ஆவேசம் நோயாகக் கணக்கில்லை. நேரம் காலம் இல்லாமல், விரும்பாமல், அவருக்கே துன்பமாக வருவதுதான் நோய். அவற்றிலும் சிலவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது. காய்ச்சலோடு வந்த பிதற்றல், தலைவலி வாந்தியோடு வந்த குழப்பம், நேற்றுவரை நன்றாக இருந்த முதியவர் திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது, பிரசவமான இரண்டு மூன்று வாரத்துக்குள் தாய் தூங்காமல் விசித்திரமாகப் பேசுவது. இவை மூளைக் காய்ச்சலாகவோ, சோடியம் குறைவாகவோ, பிரசவகால மனச்சிதைவாகவோ இருக்கலாம். பிரசவகாலத்தில் வந்ததென்றால் தாயையும் சேயையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.

இந்த ஊர் வெயிலுக்கென்று ஒரு குறிப்பு. கை கால் விறைப்புக்காகக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கும். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியேற்றாது. மனநோய் மருந்தான குளோர்புரோமசின் எடுப்பவரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும். நண்பகலில் தர்கா முற்றத்தில் படுக்க வைக்காமல் நிழலுக்கு மாற்றுங்கள், மணிக்கொரு தரம் ஒரு டம்ளர் நீர். தோல் வறண்டு கொதித்து, பேச்சு குழறினால் அது ஜின் அல்ல, வெப்பத் தாக்கு. ஈரத்துணி போர்த்தி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு.

உத்தரவு கிடைத்ததும் மூட்டை கட்டுகிறார்கள். தாயத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக் குழந்தைகள் பேருந்துக்கு ஓடுகின்றன. கிளம்புமுன் மருந்து தருமிடத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெயர், மில்லிகிராம், கடைசியாக ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி. ஊரில் மாவட்ட மருத்துவமனையில் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். தர்காவில் கொடுத்த எண்ணெய்ப் புட்டியோடு அதே பையில் வையுங்கள். எண்ணெய்ப் புட்டியை எந்த வீட்டிலும் தொலைப்பதில்லை.